வகுப்பறையில் படைப்பாற்றல்: பெற்றோரும் புது ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், தீவை இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மாநிலத்தில் மொத்தம் 28 தமிழ்ப்பள்ளிகள். அதனால் ஏதாவது ஒரு பயிலரங்கில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துவிடுவோம். தேநீர் வேளையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்விகளில்தான் வந்து நிற்கும். பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் இதே கதைதான். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன், ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். என் அனுபவம் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

படைப்பாற்றல் என்றால் ஓவியமும் கைவினையும்தானே? என் மகனுக்கு நேர்கோடே வளைந்து வருகிறது.

என் கோடும் வளையும். படைப்பாற்றலைக் காட்சிக்கலை நேரத்துக்கு மட்டும் ஒதுக்கிவைத்ததால் வந்த பயம் இது. கணிதத்தில்கூட இதற்கு இடம் உண்டு. வெண்பலகையில் '12 ரிங்கிட்' என்று மட்டும் எழுதி, "இதுதான் விடை, கேள்வி என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் ஒருவன், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 50 ரிங்கிட்டோடு போன பாட்டி என்னென்ன வாங்கினார், எதற்குப் பேரம் பேசினார், மிச்சம் 12 எப்படி வந்தது என்று பாதிப் பக்கத்துக்குக் கணக்கு எழுதினான். நடுவில் ஒரு கழித்தல் தப்பு. அதைத் திருத்தச் சொன்னேன், அவனே பாட்டியை இன்னொரு கடைக்கு அனுப்பிச் சரிசெய்துகொண்டான்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. இதற்கெல்லாம் எங்கே போவது?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

தனியாக நேரம் தேடாதீர்கள், கிடைக்காது. நடத்தவேண்டிய பாடத்துக்குள்ளேயே ஓரிடத்தைக் காலியாக விடுங்கள். மொழியணியில் இரட்டைக்கிளவி வருகிறதல்லவா? சலசல, கலகல, படபட. வழக்கமாக என்ன செய்வோம்? பொருளை எழுதிப் போடுவோம், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், ஆளுக்கு ஒரு வாக்கியம் அமைப்பார்கள். முக்கால்வாசிப் பேர் வாக்கியத்தில் ஆறு சலசலவென ஓடும்.

ஒரு தடவை பொருள் சொல்லி முடித்ததும் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளைச் சிற்றுண்டிச்சாலை ஓரமாக உட்காரவைத்து, ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். வகுப்புக்குத் திரும்பியதும் கேட்ட சத்தங்களில் ஒன்றுக்குப் புதிதாக ஓர் இரட்டைக்கிளவி உண்டாக்க வேண்டும். வழக்கமாக மூன்று வரிக்கு மேல் எழுதாத ஒரு பையன், பழைய மின்விசிறிக்கு 'டொடக்டொடக்' என்றான். ரொட்டி சானாய் மாவை மேசையில் அடிக்கிற சத்தம் 'தப்தப்' ஆனது. அன்று தூறல் வேறு. ஒரு பெண் தகரக் கூரைக்கு 'டப்பிடடப்பிட' என்று எழுதியிருந்தாள். "தடதட என்று ஏற்கெனவே இருக்கிறதே அம்மா" என்றேன். "அது பெரிய மழைக்கு டீச்சர். இது இப்பதான் ஆரம்பிக்குது" என்றாள்.

இன்னொருவன் 'மழைமழை' என்று எழுதிக் கொண்டுவந்தான். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை: "டேய், பிரிச்சா பொருள் வருதுடா. அது அடுக்குத்தொடர்." பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி என்று நான் இரண்டு ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர்களே சண்டைபோட்டு நிறுவிக்கொண்டார்கள். எனக்குக் கூடுதலாகச் செலவானது கால் மணி நேரம். வழக்கமாக மறுவாரம் திரும்ப நடத்துவேன், அந்தத் தடவை அது தேவைப்படவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புரிய, முதலில் ஒரு மாதிரி காட்டலாமா?

வேலையின் விதியைக் காட்டுங்கள். முடித்த பொருளை மட்டும் மேசைக்குள் வைத்துவிடுங்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஆசிரியர் தின வாழ்த்து அட்டைக்கு மாதிரியாக இதயவடிவ அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். முப்பது இதயம் வந்தது, இருபத்தெட்டு சிவப்பு. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, பெரியவர்களும் அப்படித்தான். 1993-இல் ஸ்மித், வார்ட், ஷூமாக்கர் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் வேற்றுக்கோள் உயிரினங்களைக் கற்பனை செய்து வரையச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு முதலில் சில மாதிரிப் படங்களைக் காட்டினார்கள். அந்த மாதிரிகள் எல்லாவற்றிலும் நான்கு கால், உணர்கொம்பு, வால் இருந்தன. மாதிரியைப் பார்த்தவர்கள் வரைந்தவற்றில் அந்தக் காலும் கொம்பும் வாலும் மற்றவர்களைவிட அதிகமாக வந்தன. அவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

கட்டாயம் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒன்றோடொன்று கொஞ்சமும் ஒட்டாத மூன்று மாதிரிகளைக் காட்டிவிட்டு, உடனே எடுத்துவிடுங்கள்.

கட்டுரை என்றால் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். என்ன செய்வது?

"கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தான்." நம் பள்ளிக் கட்டுரைகளில் மழைக்காலத்திலும் கதிரவன் தவறாமல் வேலைக்கு வந்துவிடுகிறான். பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது நாம்தான். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வுக் காலத்தில் புள்ளி விழும் என்று பத்திகளை மனனம் செய்யவைத்தோம். அந்தத் தேர்வை 2021-இல் ரத்து செய்துவிட்டார்கள், பத்திகள் மட்டும் அக்காவிடமிருந்து தம்பிக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

தன்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான் ஒரு காலணி' என்று தலைப்புக் கொடுத்தால், தொழிற்சாலையில் பிறந்து, லாரியில் ஏறி, கடைக்கு வந்து, ஒரு சிறுவன் வாங்கி, கிழிந்து, கடைசியில் குப்பைத்தொட்டி. முப்பது காலணிக்கும் ஒரே தலையெழுத்து. தலைப்பை இறுக்கினேன்: 'நான் பட்டர்வொர்த் ஃபெரியில் தொலைந்த ஒற்றைக் காலணி.' தொழிற்சாலை, குப்பைத்தொட்டி இரண்டும் கூடாது, கதை அந்தக் கடல் பயணத்துக்குள்ளேயே முடிய வேண்டும் என்றேன். முதல் பத்து நிமிடம் ஒரே முணுமுணுப்பு. அப்புறம் எழுதினார்கள். ஒரு காலணி, தன் ஜோடி கரையிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே திரும்பவும் பட்டர்வொர்த்துக்கு வந்தது. இன்னொன்று மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு எண்ணெய் நாற்றத்தைப் பற்றி நான்கு வரி புலம்பியது. எழுத்துப்பிழை நிறைய இருந்தது. எல்லாவற்றையும் அன்றே சிவப்பு மையில் சுற்றவில்லை. மறுநாள் ஆளுக்கு மூன்று பிழைகளை மட்டும் எடுத்துத் திருத்தினோம்.

சுதந்திரம் கொடுத்தால் படைப்பாற்றல் பொங்கும் என்று நானும் முதலில் நினைத்தவள்தான். "உங்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள்" என்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு சின்ன முட்டுக்கட்டை போட்டால்தான் சுற்றிப்போக வழி தேடுகிறார்கள்.

கேள்வி கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. முன்வரிசையில் இரண்டு பேர்தான் கை தூக்குகிறார்கள்.

கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள்? அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1970-களில் எழுதியது: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி கொஞ்சம்தானே என்று தோன்றும். வகுப்பின் முன்னால் நின்று வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள், மூன்று மணி நேரம் போல இருக்கும். நான் மனத்துக்குள் 'முருகா முருகா முருகா' என்று எண்ணிக்கொள்வேன்.

குழுவாக உட்காரவைத்தால் யோசனை நிறைய வருமா?

சத்தம் நிறைய வரும். நான்கு பேர் குழுவில் ஒருத்தி பேசுவாள், ஒருவன் மணிலா அட்டைக்கு ஓரம் போடுவான், மற்ற இருவரும் ஓரம் போடுகிறவனை வேடிக்கை பார்ப்பார்கள். 1958-இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்தால், நான்கு பேர் கூடிப் பேசித் தந்ததைவிட யோசனைகள் அதிகம். அதனால் முதலில் ஐந்து நிமிடம் யாரோடும் பேசாமல் ஆளுக்கு மூன்று யோசனை. அதன்பிறகு குழு. கூடிப் பேசுவது யோசனைகளைத் தேர்ந்தெடுக்கவும் ஒட்டுப்போட்டு வளர்க்கவும் நன்றாக உதவும்.

தைப்பூசத் தேர் செய்துவரச் சொன்னீர்கள். பாதியை நாங்கள்தான் செய்தோம். தப்பா?

பாதியா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஓர் ஆண்டு, வீட்டில் செய்துவரும்படி நான்தான் கொடுத்தேன். வெள்ளித் தாள் ஒட்டி, எல்இடி விளக்கு போட்டு, உள்ளே பாட்டு ஓடுகிற தேரெல்லாம் வந்தது. அதில் மிக அழகான தேரைக் கொண்டுவந்த பையனிடம் சக்கரத்தை எப்படிப் பொருத்தினாய் என்று கேட்டேன். "அப்பாவுக்குத்தான் தெரியும் டீச்சர்" என்றான். அப்பாவுக்கு நல்ல படைப்பாற்றல். அன்றோடு வீட்டுத் தேரை நிறுத்திவிட்டேன்.

இப்போது வகுப்பிலேயே செய்கிறோம். தைப்பூசத்துக்கு முன்தினம் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கமிருந்து முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளி ரதத்தைப் பார்க்காத பிள்ளை எங்களிடம் குறைவு. அது 1894-இலிருந்து ஓடுவது. 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. வழியெல்லாம் தேங்காய் குவிந்திருக்கும், தெரு குறுகலாக இருக்கும், திரும்ப வேண்டிய முனைகள் உண்டு. இதைப் பேசிவிட்டு வேலையைக் கொடுப்பேன்: காலணிப் பெட்டி, சாத்தே குச்சி, புட்டி மூடிகள், குத்தூசி, நூல். இரண்டு வரிசை மேசைகளுக்கு நடுவே ஓடி, மூலையில் திரும்பி, என் நாற்காலி வரை வர வேண்டும். கவிழக் கூடாது. அலங்காரம் கடைசியில், நேரம் இருந்தால்.

முதல் நாள் ஒரு தேரும் திரும்பவில்லை. அச்சுக் குச்சிகள் இரண்டையும் பெட்டியின் குறுக்கே குத்தியிருந்தார்கள், நேராக மட்டுமே போகும். வளைவில் இழுத்தால் ஒரு பக்கச் சக்கரம் உராய்ந்து, கோபுரம் சாய்ந்து, சாமி தரையில். "சாமி விழுந்துட்டாரு" என்று ஒரே கூச்சல். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். இரண்டாம் நாள் ஒரு குழு முன் அச்சைப் பெட்டியிலிருந்து கழற்றி, ஓர் அட்டைத் துண்டில் ஒட்டி, அந்தத் துண்டை ஒரே ஒரு குத்தூசியால் பெட்டியின் அடியில் குத்தியது. நூலை அந்தத் துண்டிலேயே கட்டினார்கள். இழுக்கிற பக்கம் அச்சு திரும்பியது, தேரும் பின்னாலேயே வந்தது. நான்கு சக்கரக் குதிரை வண்டியைத் திருப்புகிற அதே உத்தி. யாரும் சொல்லித்தரவில்லை. இன்னொரு குழு பெட்டிக்குள் கூழாங்கல்லைக் கொட்டியது. ஏன் என்று கேட்டதற்கு, "சாமிக்குக் கீழே வெயிட் இருந்தாதான் டீச்சர் நிப்பாரு." ஈர்ப்புமையம் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

அந்தத் தேர்கள் பார்க்க ஒன்றும் அழகாக இல்லை. பெற்றோர் தினத்தில் மேசைமேல் வைத்தபோது ஒருவர், "போன வருஷம் நல்லா இருந்துச்சே" என்றார்.

வீட்டில் உதவத்தான் வேண்டும் என்றால் கத்தி பிடிக்கிற வேலை, சூடான பசை வேலை இரண்டும் உங்களுடையவை. மற்றதெல்லாம் பிள்ளைக்கு.

ஸ்டிக்கர், பரிசு கொடுத்தால் ஊக்கம் வருமே?

மனப்பாடத்துக்குக் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். பிள்ளை தானாக விரும்பிச் செய்கிற வேலைக்கு முன்கூட்டியே பரிசு அறிவிப்பதில்தான் எனக்குத் தயக்கம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதில் பேர்போனது. வரைவதில் ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, எதையும் எடுத்து விளையாடலாம் என்று விட்டபோது, அந்தப் பிள்ளைகள் வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதியளவுதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை.

என் வழக்கம்: பரிசுக்குப் பதிலாக, செய்ததை யாராவது பயன்படுத்துவார்கள். 'டப்பிடடப்பிட' இப்போதும் எங்கள் வகுப்புச் சொல்.

இதற்கு எப்படி மதிப்பீடு போடுவது? அடைவுநிலை எழுத வேண்டுமே.

எழுதுங்கள், தடையொன்றும் இல்லை. வகுப்புசார் மதிப்பீட்டின் உச்சமான ஆறாவது அடைவுநிலையே புதிய சூழலில் படைப்பாற்றலோடு செய்வதைத்தான் கேட்கிறது. புதிய சூழலையே காட்டாமல் பயிற்சிநூலை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு போடுவதுதான் எனக்கு விளங்காத வித்தை. அழகுக்குப் புள்ளி போடாதீர்கள், அது அப்பாவுக்குப் போய்விடும். எத்தனை வழி முயன்றான், முதல் வழி தோற்றதும் என்ன மாற்றினான், ஏன் மாற்றினேன் என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். தேர் வேலையில் நான் குறித்துவைத்தது முதல் நாளும் இரண்டாம் நாளும் எடுத்த இரண்டு புகைப்படமும், பிள்ளை சொன்ன ஒரு வாக்கியமும்தான்.

'இதெல்லாம் தேர்வுக்கு உதவுமா' என்று கேட்பவர்களுக்கு: பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில் 2022-இல் 15 வயது மாணவர்களின் ஆக்கச் சிந்தனையையும் அளந்தார்கள். 60-க்கு 41 எடுத்துச் சிங்கப்பூர் முதலிடம். ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நாடுகளின் சராசரி 33. நாம் அந்தச் சராசரிக்குக் கீழே. தேர்வுக்கு விழுந்து விழுந்து படிப்பதற்குப் பேர்போன ஊர் சிங்கப்பூர், அங்கே இரண்டும் ஒன்றாக நடக்கிறது.

ஐ-திங்க் வரைபடம் போட்டால் போதாதா?

யோசனைகளைக் குமிழியும் கட்டமுமாக ஒழுங்குபடுத்துகிற அந்த எட்டுச் சிந்தனை வரைபடங்களும் நல்ல கருவிகள். குமிழிகளை ஆசிரியர் பலகையில் நிரப்பி, பிள்ளைகள் வண்ணப் பேனாவில் பார்த்து எழுதினால் அது அழகெழுத்துப் பயிற்சி. இரண்டு குமிழியைக் காலியாக விட்டு நகருங்கள்.

எழுதவே சிரமப்படும் பிள்ளைகளை என்ன செய்வது?

எழுதாமல் செய்ய வழி விடுங்கள். வாயால் சொல்லட்டும், நடிக்கட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறிய ஒருவன் விடுகதை போடுவதில் ராஜா. ஒரு நாள் எழுந்து, "காலையில் வாயைத் திறக்கும், பிள்ளைகளை விழுங்கும், மத்தியானம் துப்பிவிடும். அது என்ன?" என்றான். பள்ளி வாசல்கேட். சொன்னதை அப்படியே எழுதி அவனிடமே வாசிக்கக் கொடுத்தேன். தான் சொன்ன வரி என்பதால் 'விழுங்கும்' என்பதை எழுத்துக்கூட்டாமலே வாசித்தான்.

பொருள் வாங்கச் செலவாகுமே?

புட்டி மூடி, அட்டைப்பெட்டி, பழைய நாளிதழ். குத்தூசியும் சாத்தே குச்சியும் சேர்த்து வகுப்புக்கே பத்து ரிங்கிட் ஆகவில்லை. கடையில் ஆயத்தப் பெட்டி வாங்காதீர்கள், அதற்குள் மாதிரிப் படம் இருக்கும்.

பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் என்கிறார்.

நியாயம்தான். அவர் வகுப்பில் வாசிப்பு நேரம் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேர் ஓட்டும் நாளில் அவர் பிள்ளைகளையும் பார்க்க அழைத்தேன், அதன்பிறகு புகார் வரவில்லை. அடுத்த ஆண்டு அவரும் காலணிப் பெட்டி சேர்த்துக்கொண்டிருந்தார்.

செயற்கை நுண்ணறிவு எல்லாம் எழுதித் தருகிறதே?

தரட்டும். 'ஒற்றைக் காலணி' கதையை அதனிடம் கேட்டு, வந்ததை வகுப்பில் வாசித்தேன். "டீச்சர், இந்தக் காலணி ஃபெரியில ஏறவே இல்ல. எண்ணெய் நாத்தமே வரல" என்றாள் ஒருத்தி. அதை ஒரு பயிற்சியாகவே வைத்துக்கொண்டேன்: அதில் எது நடக்காது, எது விட்டுப்போயிருக்கிறது என்று பிள்ளைகள் திருத்த வேண்டும்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடை வரிசையில் நிற்கும்போது கைப்பேசியைக் கையில் கொடுக்காமல் ஒரு கேள்வியைக் கொடுங்கள். முன்னால் நிற்கிறவர் எங்கிருந்து வருகிறார், அந்தப் பையில் என்ன இருக்கும், குழம்பை ஊற்றுகிற கரண்டி பேசினால் என்ன சொல்லும்? பிள்ளை "தெரியல" என்று சொன்னால் முருகா மூன்று தடவை.

உங்கள் பதிலை முதலில் சொல்லிவிடாதீர்கள். அவ்வளவுதான், வரிசை நகர்ந்துவிடும்.